காதுடையோர் உள்ளே வரலாம்

"இந்த உலகத்துல இசை கேட்கத் தெரிஞ்சவங்க மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். மத்தவங்களுக்கு இருக்கிறது காது இல்ல, கண்ணாடி மாட்டுற கொக்கி."

இதைச் சொன்னவர் காதுடையோர் கழகத்தின் தலைவர். சொல்லிவிட்டு, நழுவிய தன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். சிரிக்கவில்லை. உலக மக்கள்தொகையைப் பற்றிப் பேசும்போது சிரிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

இடம், அவருடைய அக்கா வீட்டுக் கூடம். எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். அந்த முப்பத்தெட்டில் தான் இல்லை என்பது மெக்கானிக்குக் குத்துமதிப்பாகப் புரிந்தது. ஏன் இல்லை என்பதுதான் பிடிபடவில்லை.

"போன மாசம் முப்பத்தொன்பதா இருந்தோம் மாமா. ஒருத்தர் பாட்டு முடிஞ்சதும் கைதட்டிட்டார். நீக்கிட்டோம்."

"பாட்டு நல்லா இல்லையா மாப்ள?"

"நல்லா இருந்துச்சு. அதனாலதான் தட்டியிருக்கார். அதான் குத்தமே."

மெக்கானிக் தலையாட்டினார். பிறகு தலையாட்டுவதும் குற்றமாக இருக்குமோ என்று நிறுத்திக்கொண்டார்.

கழகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். முன்னொரு காலத்தில் 'பழுது' என்று ஓர் இசைக்குழு இருந்தது. நான்கு இளைஞர்கள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் ஒரே அறையில் குடியிருந்தார்கள். அந்தக் கட்டட லிஃப்டில் எந்நேரமும் தொங்கிய அட்டையில் என்ன எழுதியிருந்ததோ அதையே தங்களுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். மாற்று ராக் என்று அவர்கள் இசைக்குப் பெயர். எதற்கு மாற்று என்று மெக்கானிக் ஒருமுறை கேட்டு வைத்தார். எல்லாவற்றுக்கும் என்று பதில் வந்தது. ஒரே ஒரு கேசட் போட்டார்கள், கொஞ்சம் பேர் வாங்கினார்கள், திடீரென்று பிரிந்துபோனார்கள். அவர்கள் பிரிந்த பிறகுதான் கழகம் பிறந்தது. பழுது பாடியது மூன்று வருடம், கழகம் அதைப் பற்றிப் பேசியது இருபது வருடம். ஆகவே பழுதைப் பற்றிப் பழுதைவிடத் தங்களுக்கே அதிகம் தெரியும் என்பது கழகத்தின் முடிவு.

கழகத்தின் மூலமந்திரம் அந்தக் கேசட்டில் வரும் ஒரு சொல்: ஒப்பில்லை. இதில் இரண்டு பிரிவு. இணை என்று எதுவும் கிடையாது என்று பொருள் சொல்வது ஒரு பிரிவு. வாழ்க்கைக்கு நான் சம்மதம் தரவில்லை என்று பொருள் சொல்வது இன்னொன்று. 'ஒப்பாரி'யைப் பாதியில் நிறுத்தியதுதான் 'ஒப்பு' என்று மூன்றாவதாக ஒருவர் சொல்லிப் பார்த்தார். அவரே ஒரு பிரிவாக ஆகிவிட்டதால் அவரோடு யாரும் டீ குடிப்பதில்லை. மூன்று பிரிவும் ஒரே கருப்பு பனியன்தான் போட்டுக்கொள்ளும். நெஞ்சில் பெரிதாக 'ஒப்பில்லை' என்று அச்சடித்திருக்கும்.

கைதட்டுகிறவரைக் கழகம் நீக்கும். பாட்டோடு சேர்ந்து உதட்டை அசைக்கிறவரை நீக்குவதோடு விடாது. அவருக்கு 'ஆடு' என்று பெயரும் வைக்கும். அசைபோடுகிற பிராணி.

இப்போது அந்தப் பழுது மறுபடி சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, ஒரு சின்ன கிளப்பில் கச்சேரி. செய்தி வந்த அன்றே கழகம் கூடிக் கண்டனம் தெரிவித்தது. பிரிவுதான் பழுதின் மிகச் சிறந்த படைப்பு, அதை அவர்களே கெடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்றது. கண்டித்து முடித்ததும் மொத்த இடத்தையும் தானே பிடித்துக்கொண்டது. ரசிக்க அல்ல, மேற்பார்வை பார்க்க. வாசலில் ஆள் நிறுத்துகிற தொல்லை மிச்சம் என்று கிளப்காரரும் வாசலைக் கழகத்திடமே கொடுத்துவிட்டார்.

அடுக்களையிலிருந்து மெக்கானிக்கின் மனைவி வந்தாள். தம்பிக்கு நேர் எதிரே, அவன் வாய் தெரிகிற மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு இடது காது போய் வருடங்கள் ஆகின்றன. வலது காதில் இருக்கிற கொஞ்சத்துக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். அதுவும் போகலாம், போகாமலும் இருக்கலாம் என்று டாக்டர் இரண்டு பக்கமும் கதவைத் திறந்தே வைத்திருந்தார். இப்போதெல்லாம் பேசுகிறவர் வாயைப் பார்த்தே அவள் முக்கால்வாசி பிடித்துவிடுவாள்.

"டேய், ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்."

"அக்கா, அது உனக்குச் சரிப்பட்டு வராது. அங்க காது இருக்கிறவங்களுக்குத்தான் அனுமதி."

"இருக்கிறப்பவே ஒரு தடவை கேட்டுட்டு வந்துடலாம்னுதான் கேக்குறேன். அந்த ஒரு பாட்டு. 'உப்பில்லை.'"

தலைவர் கண்களை மூடிக்கொண்டார். "ஒப்பில்லை. ஒ."

"உப்பில்லைடா. அந்தக் கேசட்டை வாங்கினதே நான். நீ டவுசர் பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டு, வாயைக் குவிச்சு உப்பில்லை உப்பில்லைன்னு என் பின்னாடியே பாடிக்கிட்டுத் திரிஞ்ச."

"அது கழகத்துக்கு முந்தைய காலம்" என்றார் தலைவர்.

கடைசியில் அவர் கொஞ்சம் இறங்கிவந்தார். வாசலில் காதுப் பரிசோதனை உண்டு, தேறினால் வரட்டும், மாமாவும் எழுதிப் பார்க்கலாம் என்றார். ஆனால் மாமா விஷயத்தில் ஒரு சிக்கல்.

"நீங்க வேலை பாக்குற லிஃப்டுல பாட்டு ஓடுதில்ல?"

"ஓடும் மாப்ள. புல்லாங்குழல் மாதிரி ஏதோ ஒண்ணு. யாரும் கேக்குறதில்ல."

"காது கேக்கும் மாமா. நீங்க கேக்காட்டியும் அது கேக்கும். வருஷக்கணக்கா உள்ள படிஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பஞ்சு வச்சுக்குங்க."

மெக்கானிக் சொல் பேச்சு கேட்கிறவர். பஞ்சு வைத்துக்கொண்டார். மறுநாள் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தபோது, லிஃப்ட் கீழே வருகிறது என்று மேலேயிருந்து கத்தியவர் குரல் காதில் விழவில்லை. நிழல் தலையில் விழுந்ததும் ஸ்பேனரைப் போட்டுவிட்டு வெளியே தாவினார். உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, இசை என்பது லேசுப்பட்ட விஷயமல்ல என்று நினைத்துக்கொண்டார்.

கிளப் ஒரு டைல்ஸ் கடைக்குக் கீழே, நிலவறையில் இருந்தது. கச்சேரி மதியம் மூன்று மணிக்கு. டிரம்மருக்கு இப்போது மாத்திரை இருக்கிறது, போட்டுக்கொண்டால் பொழுதோடு தூங்கிவிடுவார். கழகம் அந்த நேரத்தை 'இரவின் மறுப்பு' என்று புரிந்துகொண்டிருந்தது.

படிக்கட்டின் தலைப்பில் செயலாளர் டேப் ரிக்கார்டரோடு உட்கார்ந்திருந்தார். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு விளக்கம், விளக்கத்துக்கு ஒரு விளக்கம் என்று போவதால் அவருக்கு 'அடிக்குறிப்பு' என்று பெயர். மெக்கானிக் முன்னால் வந்ததும் பொத்தானை அழுத்தினார். டேப் சுற்றியது.

"என்ன கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கலையே" என்றார் மெக்கானிக். பஞ்சை எடுக்க மறந்திருந்தார்.

அடிக்குறிப்புக்குக் கண் கலங்கிவிட்டது. அது பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வரும் வெற்று டேப். இதுவரை வந்தவர்கள் எல்லாரும் கிடார் என்றும் காற்று என்றும் காலத்தின் மூச்சு என்றும் சொல்லியிருந்தார்கள். "இன்மையைக் கேட்டிருக்கீங்க. முதல் தரம். உள்ள போங்க."

அடுத்து அவர் மனைவி.

"காது இருக்கா?"

"ஒண்ணுதான் இருக்கு. அதுவும் அடுத்த வாரம் வரைக்கும்."

அடிக்குறிப்பு இதை ஏதோ தத்துவம் என்று எடுத்துக்கொண்டு டேப்பை ஓடவிட்டார். அவள் குனிந்து வலது காதை ஸ்பீக்கரோடு ஒட்டினாள். வெற்று டேப் ஓடி முடிந்து கிடாரின் முதல் அடி விழுந்தது. அவ்வளவுதான், அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது. 'உப்பில்லை, உப்பில்லை, நீ போனால் என்ன, நான் போனால் என்ன' என்று பாடியேவிட்டாள்.

டேப் நின்றது. வரிசையும் நின்றது.

"ஆடு" என்றார் அடிக்குறிப்பு மெல்ல. "அதுவும் உ போடுற ஆடு."

தலைவர் மேலே ஏறி வந்தார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"டேய், உன் சொந்த அக்காடா நான்."

"கழகத்துல அக்கா கிடையாது. உறுப்பினர், பார்வையாளர், ஆடு. மூணே பிரிவு."

"அவ இல்லாம நானும் வரல மாப்ள" என்றார் மெக்கானிக்.

"அதெப்படி? முதல் தரக் காது மாமா உங்களுது. வெளியில விட்டா எங்களுக்குத்தான் கெட்ட பேரு." இரண்டு உறுப்பினர்கள் ஆளுக்கொரு பக்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மரியாதையாகத்தான்.

இந்த இழுபறிக்கு நடுவே வழுக்கைத்தலை ஆள் ஒருவர் வரிசையை ஒதுக்கிக்கொண்டு வந்தார். கையில் நீளமான பை.

"கொஞ்சம் வழி விடுங்க. நேரமாச்சு."

"பரிசோதனை இருக்கு" என்றார் அடிக்குறிப்பு. "ஒப்பில்லை என்பதற்கு நீங்க எந்தப் பிரிவு?"

"என்ன இல்லை?"

"ஒப்பில்லை."

வந்தவர் பனியனைப் படித்துப் பார்த்தார். அச்சுப்பிழையைப் பார்க்கிறவர் முகம். "உப்பில்லைன்னுல்ல வரணும்?"

"இன்னொரு ஆடு" என்று தலைவரிடம் சொன்னார் அடிக்குறிப்பு.

அந்த மனிதர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தார். அப்போதுதான் தலைவரின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. கேசட் அட்டையில் பழுதின் நான்கு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். இருபது வருடமாகக் கழகம் ஆராய்ந்தது அந்த முதுகுகளைத்தான். முகத்தை யாரும் பார்த்ததில்லை, பார்க்கிற அவசியமும் வரவில்லை.

"அந்த முதுகு" என்றார் தலைவர். "இடது பக்கத்திலிருந்து இரண்டாவது முதுகு. பாடகர்."

ஓடிப்போய் அழைத்து வந்தார்கள். பின்பக்கமாகவே நடந்து வந்தால் நன்றாயிருக்கும் என்று அடிக்குறிப்பு கேட்டுக்கொண்டார். பாடகர் அதைக் காதில் வாங்காமல் மெக்கானிக்கின் மனைவியைக் காட்டி, "உ-ன்னு சொன்னது இவங்கதானே? இவங்க என்கூட வர்றாங்க" என்றார்.

ஆடு உள்ளே போனது. ஆனால் கடைசிச் சுவரோரம் கயிறு கட்டி, ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கழகம் அவளை அங்கே உட்கார வைத்தது. முதல் தரக் காது அடம்பிடித்து அவள் பக்கத்திலேயே நின்றது, பஞ்சை எடுத்துவிட்டு.

மேடை முழங்கால் உயரம்தான். அதற்கும் நாற்காலிக்கும் நடுவில் கழகம் சுவர் போல நின்றது. கால்களை அகற்றி, கைகளைக் கட்டி, யாரும் அசையாமல். முதலில் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, இன்று இங்கே பாட்டு நடக்கப்போவது நமக்கு ஓர் இடையூறு. இந்த இருபது ஆண்டுகள் பழுது பாடாமல் இருந்ததால்தான் நம்மால் அவர்களை முழுமையாக ரசிக்க முடிந்தது. பாட ஆரம்பித்தால் என்ன ஆகும்? பாட்டு கேட்கும். பாட்டு கேட்டால் நாம் பேசுவது கேட்காது. இருந்தாலும் பெருந்தன்மையோடு அனுமதிக்கிறோம். பிடித்திருந்தால் ஒருமுறை கண் சிமிட்டவும். மிகவும் பிடித்திருந்தால் சிமிட்ட வேண்டாம். பாடகருக்கு ஒரு வேண்டுகோள்: பலருக்கும் பிடித்த அந்தப் பாட்டைத் தயவுசெய்து பாடவேண்டாம். பலருக்கும் பிடித்துவிட்டதால் அது கெட்டுவிட்டது. அதன் பொருளை நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம்."

உறுப்பினர்கள் இந்த உரைக்குச் சிமிட்டவே இல்லை. தலைவருக்கு மனம் நிறைந்தது.

பழுது வாசித்தது. நான்கு பேருக்கும் தொப்பை விழுந்திருந்தது, ஆனால் கை விழவில்லை. முதல் பாட்டு முடிந்தது. நிலவறையில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. இரண்டாவது பாட்டு முடிந்ததும் டிரம்மர் எழுந்துபோய் வயர்களைச் சோதித்தார். பிளக் ஒழுங்காகத்தான் இருந்தது. மூன்றாவது முடிந்ததும் மைக்கைத் தட்டி, "யாராச்சும் உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்டார். முப்பத்தெட்டுப் பேரில் சிலர் சிமிட்டினார்கள். இருட்டில் அது அவருக்குத் தெரியவில்லை.

நாற்காலியில் இருந்தவளுக்குத் தும் தும் என்று தரை அதிர்வதுதான் எட்டியது. பாட்டு என்று ஒன்றும் பிடிபடவில்லை. இப்படியும் அப்படியும் கழுத்தை நீட்டினாள். எந்தப் பக்கம் நீட்டினாலும் கருப்பு பனியனின் முதுகு.

"அவர் வாய் தெரியலைங்க. வாய் தெரிஞ்சா மிச்சத்தை நானே பிடிச்சுப்பேன்."

"கொஞ்சம் நகரச் சொல்றேன் இரு" என்று மெக்கானிக் முன்னால் நின்றவர் தோளைத் தொட்டார். அவர் திரும்பாமலே, "அசையக்கூடாது" என்றார். தனக்குத்தானா, அவருக்கும் சேர்த்தா என்று தெரியவில்லை.

மேடையில் பாடகர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்விடலாமா என்கிற மாதிரி மற்ற மூவரையும் பார்த்தார். பிறகு சும்மா கேட்டுவைத்தார்: "என்ன பாட்டு வேணும்? யாராச்சும் சொல்லுங்க."

அதில் எந்த வார்த்தை அவளுக்கு எட்டியதோ தெரியாது. அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தன் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாத தாராளத்தோடு சொன்னாள்: "உப்பில்லை."

"ஒப்பில்லை" என்று முப்பத்தெட்டுப் பேரும் ஒரே குரலில் திருத்தினார்கள். அன்று கழகத்திடமிருந்து வந்த முதல் சத்தம் அது.

பாடகருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "உப்புதாங்க. நாங்க நாலு பேரும் ஒரே ரூம்ல இருந்தோம். உருளைக்கிழங்கு வேக வச்சா உப்பு இருக்காது. கீழ கடைக்கு இறங்கணும். லிஃப்ட் எப்பவும் பழுது. நீ போனா என்ன, நான் போனா என்னன்னு தினம் சண்டை. அந்தச் சண்டையைத்தான் பாட்டாப் போட்டோம்."

"அந்தச் சண்டையிலதான் பிரிஞ்சோம்" என்றார் டிரம்மர் பின்னாலிருந்து. "நான் போகவே மாட்டேன்னுட்டேன்."

'நீ போனால் என்ன, நான் போனால் என்ன' என்ற வரியை மரணத்தின் சமத்துவம் என்று விளக்கி இரண்டு முழுநாள் கருத்தரங்கு நடத்திய கழகம் அது.

தலைவர் முன்னால் வந்தார். குரலில் கோபம் இல்லை, பரிவுதான் இருந்தது. "ஐயா, நீங்க பாடினது உங்களுக்குச் சரியா கேட்டிருக்காது. பாடுறவர் பாட்டுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கார். பக்கத்துல இருக்கிறவருக்குக் கேக்காது. நாங்க இருபது வருஷ தூரத்துல இருந்து கேக்குறோம்."

"எழுதினது நான்தாங்க."

"எழுதினீங்க. அதோட உங்க வேலை முடிஞ்சுது. தயவுசெஞ்சு தலையிடாதீங்க."

பாடகர் நல்ல மனிதர். ஒருமுறை 'ஒ' என்று தொடங்கிப் பார்த்தார். வாய் ஒத்துழைக்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. டிரம்மர் பொறுமை இழந்து இரண்டு குச்சியையும் தட்டினார். கிடாரின் முதல் அடி விழுந்தது. 'உப்பில்லை' தொடங்கியது.

தலைவர் கையை உயர்த்தினார். "கழகம் திரும்பி நிற்கும்" என்றார்.

முப்பத்தெட்டுப் பேரும் குதிகாலில் திரும்பி மேடைக்கு முதுகைக் காட்டினார்கள். கழகத்தின் உச்சபட்ச எதிர்ப்பு அதுதான். மேடையில் இருந்த நான்கு பேரும் அதைப் பார்த்துவிட்டு, தங்கள் கேசட் அட்டை ஞாபகம் வந்து, இன்னும் உற்சாகமாக வாசித்தார்கள்.

திரும்பி நின்றதில் ஒரு விளைவு உண்டு. கழகம் அதை யோசிக்கவில்லை. தலைவர் எல்லாரையும் விலக்கிக்கொண்டு புதிய முன்வரிசைக்கு வந்தார். அங்கே கயிறு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாற்காலி, நாற்காலியில் அவருடைய அக்கா. இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு கை நீளம்.

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். வலது காதைக் கையால் குவித்துக்கொண்டு அவள் போராடிக்கொண்டிருந்தாள். பாட்டு பாதிக்கு வந்துவிட்டது. தூக்கிக்கொண்டாவது முன்னால் போய்விடலாம் என்று அவர் குனிந்தார்.

அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இருங்க. தெரியுது."

"என்ன தெரியுது?"

அவள் எதிரே காட்டினாள். காதிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தாள்.

தலைவர் சிலை போலத்தான் நின்றார். கைகள் கட்டியபடி, கண்கள் மூடியபடி, நெஞ்சில் 'ஒப்பில்லை' நிமிர்ந்தபடி. மூக்குக்குக் கீழே மட்டும் ஒரு சின்ன வேலை நடந்துகொண்டிருந்தது. மெக்கானிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவருடைய மனைவிக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. அவள் வரிக்கு வரி வாங்கிக்கொண்டிருந்தாள். நீ போனால் என்ன. நான் போனால் என்ன. கீழே கடை திறந்திருக்கு.

"உ-தான் போடுறான்" என்றாள் கணவரிடம்.

பக்கத்தில் நின்ற அடிக்குறிப்புக்குச் சந்தேகம் வந்தது. தலையைத் திருப்பாமல் கேட்டார்: "தலைவரே, ஏதாச்சும் சொன்னீங்களா?"

"இல்ல. மூச்சு விட்டேன்."

டிரம்மர் ஒரு சுற்று சுற்றி அடித்தார். பல்லவி திரும்பி வந்தது. தலைவர் கண்ணைத் திறக்கவில்லை. உதட்டைக் குவித்தார், டவுசர் காலத்தில் குவித்த அதே மாதிரி.